காலையில் மட்டும் அடம்பிடிக்கும் பழைய பிக்கப்: கோல்ட் ஸ்டார்ட் கோளாறை இனம்காண்பது எப்படி?

இரவு முழுவதும் வாசலில் நின்ற பழைய பெட்ரோல் பிக்கப் காலையில் கிளம்ப மறுக்கிறது. பத்து நிமிடம் போராடிக் கிளப்பிவிட்டால் அதன்பிறகு நாள் முழுவதும் ஒரு குறையும் இல்லை. கடைக்குப் போய்வந்து மறுபடி சாவியைத் திருப்பினால் தொட்டவுடன் எடுத்துவிடுகிறது. இந்தப் புகாரைச் சொன்னதும் நான்கு பக்கமிருந்தும் யோசனைகள் வரும்: பிளக்கை மாற்று, பெட்ரோல் பம்ப்பை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு, சோக்கைச் சரிபார். கடைசி யோசனை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தந்த கார்புரேட்டர் காலத்தின் மிச்சம். இன்ஜெக்‌ஷன் முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டியில் சோக் என்ற பாகமே கிடையாது. மற்ற மூன்றும் சில வண்டிகளுக்குப் பொருந்தலாம். உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டிப் பணம் கரைந்த பிறகும் காலையில் அதே இழுபறியோடு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. செலவில்லாமல் இந்தக் கோளாறைப் பிடிக்க ஒரு நல்ல வாய்ப்பு தினமும் காலையில் கிடைக்கிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அது கைநழுவிப் போய்விடுகிறது.

விளக்கத்துக்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 1980களின் நடுவிலிருந்து 1995 வரை வட அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்கப். மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று அறியப்படுவதன் உடன்பிறப்பு. அதில் இருந்த 22ஆர்-இ என்ற 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் இன்றும் கனடாவிலும் அமெரிக்காவிலும் பல வாசல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோல்ட் ஸ்டார்ட்டுக்கான பாகங்கள் அதில் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கலாம், அளக்கலாம். அதே காலத்து ஃபோர்டு, செவ்ரோலெட் பிக்கப்புகளில் பாகங்களின் அமைப்பு மாறும், அடிப்படை மாறாது. டீசல் வண்டியின் காலைக் கோளாறு முற்றிலும் வேறு விஷயம் என்பதால் அதை இங்கே தொடவில்லை.

கோல்ட் ஸ்டார்ட் என்பது பனிக்காலத்துச் சங்கதி மட்டுமல்ல

என்ஜின் முழுவதும் ஆறி, சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிட்ட நிலையில் அதைக் கிளப்புவதுதான் கோல்ட் ஸ்டார்ட். வெளியே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும், 28 டிகிரி இருந்தாலும் அது கோல்ட் ஸ்டார்ட்தான். ஓடும் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரியில் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் 28 டிகிரியும் குளிர்ச்சியே. குளிர் கூடக்கூடக் கோளாறு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் "எங்கள் ஊரில் குளிரே இல்லையே" என்று இந்தக் கோணத்தை ஒதுக்கிவிட வேண்டாம். வண்டி காலையில் மட்டும் முரண்டு பிடித்து, சூடான பிறகு ஒழுங்காக எடுத்தால் அது கோல்ட் ஸ்டார்ட் கோளாறு. சூடாக இருக்கும்போதும் எடுக்கவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு.

பம்ப் ஸ்டவ்வும் என்ஜினும்

காற்றடித்துப் பற்றவைக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தத் தத்துவம் ஏற்கெனவே தெரியும். பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னர் நன்றாகச் சூடான பிறகுதான் பம்ப் அடிப்போம். அவசரப்பட்டு முன்பே அடித்தால் மண்ணெண்ணெய் திரவமாகவே பீய்ச்சும். மஞ்சள் தீயும் கரும்புகையுமாக எரியும். பர்னர் சூடாகிவிட்டால் அதே மண்ணெண்ணெய் ஆவியாகி வந்து நீலத் தீயாக எரிகிறது.

பெட்ரோலும் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்தால்தான் தீப்பொறியில் பற்றும். ஓடிச் சூடான என்ஜினில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் சூடான சுவர்களில் பட்டு உடனே ஆவியாகிறது. ஆறிய என்ஜினில் அதன் லேசான பகுதி மட்டும் ஆவியாகும். மீதி குழாய்ச் சுவர்களிலும் வால்வுகளிலும் ஈரமாகப் படிந்துவிடும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது கணக்கு. குளிரில் அந்த ஒரு கிராமைத் தெளித்தால் எரியக்கூடிய ஆவியாகக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். மீதிக் காற்றுக்கு இணையான பெட்ரோல் ஆவி இல்லாததால் கலவை மெலிந்துபோகிறது, பற்றுவதில்லை.

இங்கே ஸ்டவ்வுக்கும் என்ஜினுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. என்ஜினை முன்கூட்டியே சூடாக்க வழியில்லாதபோது ஒன்றுதான் செய்யலாம்: பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது. பாதி சுவரில் ஒட்டினாலும் மீதி ஆவி பற்றவைக்கப் போதுமானதாக இருக்கும். கார்புரேட்டரில் காற்றின் வழியை அடைத்து இந்த வேலையைச் செய்தது சோக். இன்ஜெக்‌ஷனில் வேறு ஆட்கள் செய்கிறார்கள். பெட்ரோல் நிறுவனங்கள் குளிர்காலத்துக்கு எளிதில் ஆவியாகும் கலவையை விற்பதும் இதே காரணத்தால்தான். கோடையில் நிரப்பிய டேங்க்கோடு ஜனவரி வரை நின்ற வண்டி அடம்பிடித்தால் முதலில் அந்தப் பெட்ரோலைச் சந்தேகியுங்கள்.

கூடுதல் பெட்ரோலைத் தருவது யார்?

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறிய வால்வு. அதற்குப் பின்னால் பெட்ரோல் எப்போதும் அழுத்தத்தில் காத்திருக்கும். வால்வு எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்கிறதோ அந்த அளவுக்குப் பெட்ரோல் தெளிக்கும். அந்த நேரத்தை முடிவுசெய்வது வண்டியின் கணினி.

கணினிக்கு என்ஜினின் சூட்டைத் தெரிவிப்பது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். கூலன்ட்டில் மூழ்கியிருக்கும் இந்தச் சென்சாருக்குள் குளிரக்குளிர மின்தடை கூடும் ஒரு பொருள் இருக்கிறது. தடை அதிகமாக இருந்தால் "என்ஜின் குளிர்ந்திருக்கிறது" என்று கணினி புரிந்துகொண்டு இன்ஜெக்டரை அதிக நேரம் திறக்கிறது. என்ஜினின் சூட்டை அறியக் கணினியிடம் வேறு தெர்மாமீட்டர் இல்லை. சென்சார் சூடு என்று சொன்னால், பனி படர்ந்த பானெட்டுக்கு அடியில் இருந்தாலும் அது சூடு என்றே நம்பும்.

22ஆர்-இ போன்ற பழைய என்ஜின்களில் இதற்குத் துணையாக இன்னொன்றும் உண்டு: கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர். நான்கு சிலிண்டருக்கும் நான்கு இன்ஜெக்டர் போக, காற்று உள்ளே வரும் பொது அறையில் ஐந்தாவதாகப் பொருத்தப்பட்ட இது செல்ஃப் சுற்றும்போது மட்டும், அதுவும் குளிரில் மட்டும், சில நொடிகள் பெட்ரோலைத் தூவும். அதைக் கட்டுப்படுத்துவது டைம் ஸ்விட்ச். அதுவும் கூலன்ட்டில்தான் மூழ்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகத்தகடு சூடானதும் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். அதனால் சாவியை எவ்வளவு நேரம் பிடித்தாலும் பெட்ரோல் வெள்ளமாகாது.

கடைசியாகக் காற்று. ஆறிய என்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு அதிகம். கிளம்பிய பின் அணையாமல் ஓடக் கூடுதல் காற்றும் தேவை. காற்றின் கதவான த்ராட்டிலின் அடியில் இருக்கும் துணைக் காற்று வால்வு குளிரில் திறந்திருந்து அந்தக் காற்றை விடுகிறது. கூலன்ட் சூடாகும்போது உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து மெல்ல மூடிக்கொள்கிறது. காலையில் என்ஜின் முதலில் வேகமாக உறுமி, சில நிமிடங்களில் தணிவது இதனால்தான்.

சுருக்கமாக: குளிரில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது, ஆகவே கூடுதலாகத் தெளிக்க வேண்டும். சென்சார் சொல்ல, கணினி இன்ஜெக்டரை அதிக நேரம் திறக்கிறது. கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர் கிளப்பும்போது மட்டும் கைகொடுக்கிறது. துணைக் காற்று வால்வு கிளம்பிய பின் தாங்கிப்பிடிக்கிறது. இவையெல்லாம் சரியாக நடக்க பேட்டரியும் பெட்ரோல் அழுத்தமும் தீப்பொறியும் போதுமான அளவுக்கு இருக்க வேண்டும்.

"எடுக்கவில்லை" என்ற ஒரு சொல்லில் மூன்று கோளாறுகள்

எந்தப் பாகத்தையும் தொடுவதற்கு முன், வண்டி என்ன செய்கிறது என்பதைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும். செல்ஃப் சுற்றுவதே தளர்ந்து, முக்கி முனகுகிறதா? செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பற்றவில்லையா? பற்றிக் கிளம்பி, சில நொடிகளில் அணைந்துவிடுகிறதா? மூன்றையும் நாம் "எடுக்கவில்லை" என்றே சொல்கிறோம். மூன்றுக்கும் காரணங்கள் வேறு. முதலாவதில் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவதும் மூன்றாவதில் பேட்டரியை மாற்றுவதும் வீண்.

செல்ஃப் தளர்ந்து சுற்றினால்

இது பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அதே நேரத்தில் கெட்டியான ஆயிலால் என்ஜினைச் சுற்றுவதற்குக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் நேரம் அது.

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் சுற்றும்போது வோல்ட் மீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். மிதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கடும் குளிரில் நல்ல பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் தளர்ந்தால் டெர்மினலில் படிந்த வெள்ளைப் பூப்பையும், என்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். முப்பது வருட வண்டியில் அந்தப் பட்டை துருப்பிடித்து நூலாகியிருப்பது மிகச் சாதாரணம். குளிர்ப் பிரதேசத்தில் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால்

அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இது. இங்கேதான் காலையின் அருமை தெரியும்.

ஒரு இரவு முழுவதும் நின்ற வண்டியில் கூலன்ட், உலோகம், உள்ளே இருக்கும் காற்று எல்லாமே வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடுகின்றன. வெளியே ஒரு தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டினால், நன்றாக வேலை செய்யும் ஒவ்வொரு சென்சாரும் 5 டிகிரி என்றே சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன்பே சரியான விடை நமக்குத் தெரிந்திருக்கிறது! வண்டி ஓடத் தொடங்கியபின் இந்த வசதி கிடையாது. கூலன்ட் ஒரு சூட்டில், காற்று ஒரு சூட்டில், காற்றுக் குழாயான மேனிஃபோல்டு ஒரு சூட்டில் இருக்கும். சென்சார் சொல்வது உண்மையா பொய்யா என்று ஒப்பிட எதுவும் இருக்காது. மதியம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கோளாறு அங்கே இல்லை.

எனவே சாவியைத் தொடாமல் பானெட்டைத் திறங்கள். கூலன்ட் சென்சாரைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை: டாஷ்போர்டில் உள்ள சூட்டு முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் வேறு, கணினிக்குச் சொல்லும் சென்சார் வேறு. முள்ளுக்கானதில் ஒற்றைக் கம்பி, கணினிக்கானதில் இரண்டு கம்பி. ஒற்றைக் கம்பிச் சென்சாரை மாற்றிவிட்டு "சென்சார் மாற்றியும் சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் பலர். முள் சரியாக நிற்கிறது என்பதால் கணினிக்கும் சரியான தகவல் போகிறது என்று எண்ணவும் கூடாது.

இரண்டு கம்பிச் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சென்சாரின் இரண்டு முனைகளுக்கு இடையே அளங்கள். டொயோட்டாவில் 20 டிகிரிக்கு 2 முதல் 3 கிலோஓம், 0 டிகிரிக்கு 4 முதல் 7 கிலோஓம், மைனஸ் 20-க்கு 10 முதல் 20 கிலோஓம் காட்ட வேண்டும். ஓடிச் சூடான 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம்தான். 5 டிகிரிக் காலையில் மீட்டர் 600 ஓம் காட்டினால் வேறு எங்கும் தேட வேண்டாம். கணினி இந்த என்ஜினைச் சூடானது என்று நம்பி, சூடான என்ஜினுக்கு உரிய அளவே தெளிக்கிறது.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? காற்றின் அளவை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்குள் காற்றுவெப்பச் சென்சார் ஒன்று இருக்கிறது. டொயோட்டாவில் அதுவும் இதே தடை அளவுகளைப் பின்பற்றுகிறது. குளிர்ந்த காலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று 5 கிலோஓம், மற்றது 1 கிலோஓம் என்றால் பொய் சொல்வது எது என்பதை வாசலில் தொங்கும் தெர்மாமீட்டரே சொல்லிவிடும்.

கனடாவில் பலரும் இரவில் பிளாக் ஹீட்டரைச் செருகிவைப்பார்கள். கூலன்ட்டைச் சூடாக்கும் மின்கருவி அது. சோதனைக்கு முந்தைய இரவில் அதைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கூலன்ட்டும் காற்றும் ஒரே சூட்டில் இருக்காது, ஒப்பீடு பொய்யாகும். கோளாறையும் அது மறைத்துவிடும். ஹீட்டர் போட்ட நாளில் ஒழுங்காகவும் போடாத நாளில் அடமாகவும் இருப்பதே ஒரு நல்ல தடயம்.

சென்சார் பிழைத்துக்கொண்டது என்றால் அடுத்தது கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர். அதன் பிளக்கைப் பிடுங்கி முனைகளுக்கு இடையே அளந்தால் 2 முதல் 4 ஓம் இருக்க வேண்டும். முடிவில்லாத தடை காட்டினால் உள்ளே கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. சுருள் சரியாக இருந்தால், பிடுங்கிய பிளக்கில் ஒரு சோதனை விளக்கை மாட்டி ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல குளிரில் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் டைம் ஸ்விட்ச்சையும் அதற்குப் போகும் கம்பியையும் பாருங்கள். இன்ஜெக்டரையே கழற்றிப் பெட்ரோல் தெளிப்பைக் கண்ணால் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. திறந்த பெட்ரோலும் தீப்பொறியும் அருகருகே வரும் வேலை அது. புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

இரவில் இறங்கிவிடும் அழுத்தம்

என்ஜினை அணைத்த பிறகும் பெட்ரோல் குழாயில் அழுத்தம் நிற்க வேண்டும். 22ஆர்-இ-யில் அணைத்து ஐந்து நிமிடம் கழித்தும் குறைந்தது 21 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது கணக்கு. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பில் பெட்ரோலைத் திரும்ப விடாத ஒரு சிறு வால்வு இருக்கிறது. அது தேய்ந்தால் அழுத்தம் பின்னோக்கி டேங்க்குக்கு இறங்கிவிடும். இன்ஜெக்டர் கசிந்தால் முன்னோக்கி என்ஜினுக்குள் இறங்கும். முதலாவதில் காலையில் பெட்ரோல் வருவதற்கே நேரமாகும். இரண்டாவதில் பெட்ரோல் தேவைக்கு மேல் காத்திருக்கும்.

அழுத்தமானி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். அக்காலத்து ஃபோர்டு, செவ்ரோலெட் வண்டிகளில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பம்ப் ஓரிரு நொடிகள் ஓடி நிற்கும். பின்பக்கம் மெல்லிய ரீங்காரம் கேட்கும். செல்ஃப் அடிக்காமல் இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டுக் கிளப்புங்கள். வழக்கமாக அடம்பிடிக்கும் வண்டி இப்போது தொட்டவுடன் எடுத்தால் அழுத்தம் இரவில் இறங்கிவிடுகிறது என்று பொருள்.

22ஆர்-இ-யில் இந்த வித்தை பலிக்காது. செல்ஃப் சுற்றும்போதும், காற்று ஏர்ஃப்ளோ மீட்டரின் மடலைத் தள்ளித் திறக்கும்போதும் மட்டுமே அதன் பம்ப் ஓடும். சாவியை ஆன் செய்து காதைத் தீட்டிக்கொண்டு நின்று, சத்தம் வரவில்லை என்பதற்காகப் பம்ப் போய்விட்டது என்று முடிவுசெய்துவிடாதீர்கள். பானெட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் எஃப்பி, பி பிளஸ் என்று குறித்த இரண்டு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் பம்ப் தானாக ஓடும். பத்து நொடி ஓடவிட்டு, கம்பியை எடுத்துவிட்டுக் கிளப்பிப் பாருங்கள்.

அழுத்தம் இறங்குவது உறுதியானால் எந்தப் பக்கம் என்று பார்க்க ஸ்பார்க் பிளக் உதவும். எடுக்காத காலையில் செல்ஃப் அடித்து முடித்ததும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை உலர்ந்து, பீங்கான் வெளுத்துக் கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்து பளபளத்து, மூக்கைத் துளைக்கும் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது. அது அளவுக்கு மேல் வருகிறது, அல்லது தீப்பொறி இல்லை. வெல்வெட் போல உலர்ந்த கரி படிந்திருந்தால் பல நாளாகவே கலவை அதிகம். இந்த ஒரு பிளக் சொல்வதைக் கேட்டிருந்தால் எத்தனையோ நல்ல பம்ப்புகள் குப்பைக்குப் போயிருக்காது.

அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். அதைப் பிடுங்கி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது. ஒரு நிமிடத்து வேலை.

பிளக் நனைந்திருந்து தீப்பொறி மட்டும் இல்லை என்று தெரிந்தால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே விரிசலும் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் இழுக்கும்போது வோல்ட்டேஜ் இறங்குவதால் தீப்பொறியும் மெலியும். தேய்ந்த ரோட்டரும் பழைய பிளக் வயர்களும் அந்த நேரத்தில்தான் கைவிடும்.

இந்தப் பகுதியை இப்படி நினைவில் வைக்கலாம்: சாவியைத் தொடுவதற்கு முன் சென்சாரை அளக்க வேண்டும். அது சரி என்றால் கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர். அதுவும் சரி என்றால் அழுத்தம். உலர்ந்த பிளக் பெட்ரோல் பற்றாக்குறையையும், நனைந்த பிளக் பெட்ரோல் மிகுதியையோ தீப்பொறிக் குறையையோ காட்டும்.

கிளம்பி உடனே அணைந்தால்

சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்வரை ஓடி, கையை எடுத்ததும் அணைகிறதா என்று கவனியுங்கள். 22ஆர்-இ-யில் செல்ஃப் சுற்றும்போது பம்ப்புக்கு ஒரு வழியாகவும், பிறகு ஏர்ஃப்ளோ மீட்டருக்குள் இருக்கும் தொடுமுனை வழியாகவும் மின்சாரம் போகிறது. அந்தத் தொடுமுனை கெட்டுப்போனாலோ, மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் வெடித்துக் காற்று பக்கவழியாகப் போனாலோ பம்ப் நின்றுவிடும். ரப்பர் குழாயின் மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்க்க வேண்டும். விரிசல் மடிப்பின் அடியில்தான் ஒளிந்திருக்கும். குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்குவதால் அந்த விரிசல் காலையில் கூடுதலாகத் திறக்கிறது.

கையை எடுத்த பிறகும் கொஞ்சம் ஓடி, ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் மட்டும் தாக்குப்பிடிக்கிறது என்றால் துணைக் காற்று வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். கரி படிந்து இப்படி ஆவது வழக்கம். பல நேரங்களில் த்ராட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். மறுதலையாக, என்ஜின் சூடான பிறகும் வேகம் தணியாமல் உறுமிக்கொண்டே இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். அல்லது கூலன்ட் குறைந்து, வால்வுக்குச் சூடு போய்ச் சேராமல் இருக்கலாம். கூலன்ட் அளவைப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

செக் என்ஜின் விளக்கு எரியவில்லையே?

"விளக்கு எரியவில்லை, ஆகவே சென்சார்கள் நன்றாகத்தான் இருக்கின்றன" என்பது நான் அதிகம் கேட்கும் தவறான முடிவு. அமெரிக்காவில் 1996-க்கு முந்தைய வண்டிகளில் கோளாறு எண்களைப் படிக்கப் பொதுவான முறை இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழி. டொயோட்டாவின் பிற்கால மாடல்களில் சோதனைப் பெட்டியின் டிஇ1, இ1 முனைகளை இணைத்துச் சாவியை ஆன் செய்தால் விளக்கு சிமிட்டும். இரண்டு சிமிட்டல், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு சிமிட்டல் என்றால் 22. அது கூலன்ட் சென்சார்.

ஆனால் கணினி அந்த எண்ணைப் பதிவது சென்சாரின் கம்பி அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான். வெளியே 5 டிகிரி இருக்கும்போது சென்சார் "50 டிகிரி" என்று சொன்னால் கணினிக்கு அதில் குற்றம் தெரியாது. 50 டிகிரி என்பது ஒரு என்ஜினுக்கு இயல்பான சூடுதானே! விளக்கு எரியாது, எண் பதியாது, வண்டி மட்டும் எடுக்காது. மீட்டரால் அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கம்பி முழுதாக அறுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தடை முடிவில்லாமல் போகிறது, கணக்குப்படி அது கடுங்குளிர். பெட்ரோலைக் கொட்டும் என்று தோன்றும். டொயோட்டா கணினி அப்படிச் செய்வதில்லை. நம்ப முடியாத தகவல் என்று ஒதுக்கிவிட்டு, 80 டிகிரி என்று தானே வைத்துக்கொள்கிறது. சூடான வண்டி ஒழுங்காக ஓடுவதும் காலையில் மட்டும் படுத்துவதும் இதனால்தான்.

ஆக்ஸிலேட்டரை மிதிப்பது, ஈதர் அடிப்பது

கிளப்புவதற்கு முன் ஆக்ஸிலேட்டரை நான்கு முறை மிதிக்கும் பழக்கம் கார்புரேட்டருக்கு உரியது. அங்கே ஒவ்வொரு மிதியும் பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனில் மிதிப்பது காற்றின் கதவைத்தான் திறக்கிறது, பெட்ரோல் எதுவும் வராது. ஒரே ஒரு சமயம் மிதிப்பது உதவும்: பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கலாம். காற்று தாராளமாகப் போய் மிகுதியை உலர்த்தும். பல வண்டிகளில் கணினியும் அந்த நேரத்தில் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்.

எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள என்ஜினில் பின்னடிக்கும் வெடிப்பு அந்த மெல்லிய மடலைக் கோணலாக்கிவிடும். காலையில் மட்டும் இருந்த தொல்லை பிறகு நாள் முழுவதும் இருக்கும்.

பட்டறைக்குக் கொண்டுபோவதென்றால்

மேலே சொன்னதை எல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்று இல்லை. மெக்கானிக்கிடம் போவதென்றால் வண்டியை முந்தைய நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் தள்ளிக்கூடப் பார்க்காமல், முதல் சாவித் திருப்பலை அவரே செய்யட்டும். மூன்றில் எந்தக் கோளாறு, அன்று வெளியே எத்தனை டிகிரி, பெட்ரோல் வாடை அடித்ததா, பிளாக் ஹீட்டர் போட்டிருந்தீர்களா என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். பாகம் மாற்றிய பிறகு அன்றைக்கே கிளப்பிக் காட்டினால் அதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போது என்ஜின் சூடாக இருக்கும். கோளாறு வந்த நாளைப் போலவே குளிர்ந்த இன்னொரு காலையில் எடுத்த பிறகு, கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியலாம்.